வடகடல் ஊர்களில் இராத்தங்கல்

(நரிக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நரிக்குடியில் நின்றுகொண்டு கடலோர ஊர்களைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இங்கே கண்மாய் உண்டு, கரிசல் உண்டு, மிளகாய் வத்தல் காயும் களம் உண்டு, கடல் இல்லை. ஆனால் இந்த ஊரின் பழைய கட்டடம் ஒன்று கடலைப் பார்த்து நடந்தவர்களை மனத்தில் வைத்துக் கட்டியது. மருதுபாண்டியர் சத்திரத்தைத்தான் சொல்கிறோம். பக்கத்து முக்குளத்தில் பிறந்து, சிவகங்கைச் சீமையை ஆண்டு, 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட அந்தச் சகோதரர்கள், ராமேசுவரம் போகிற வழிப்போக்கர் இராப்பொழுது தலைசாய்க்கவும் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார்கள். போர் ஓயாத காலத்தில், வரி கட்டாத, ஓலை கொண்டுவராத, யாரென்றே தெரியாத ஒருவருக்காகக் கல்லும் சுண்ணாம்பும் செலவழித்தார்கள்.

அந்தக் காலத்துச் சேதுயாத்திரை இரவுகளால் ஆனது. மதுரைப் பக்கமிருந்து கடல்வரை நடக்கிறவர் பகலில் எவ்வளவு தூரம் போவார் என்பதை வைத்துத்தான் சத்திரங்களின் தூரம் அமைந்தது. ஓர் ஊரில் பொழுது சாய்ந்தால் அந்த ஊரின் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, அந்த ஊர் அரிசியைப் பொங்கித் தின்று, அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த ஊர். இன்றைக்கு விடியற்காலை காரில் கிளம்புகிறவர் அக்னிதீர்த்தத்தில் குளித்து, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, தனுஷ்கோடி மணலில் படம் எடுத்துக்கொண்டு, இராச்சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறார். நேரம் மிச்சமாகிறது, வழியில் இருந்த ஊர்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ப்பலகைகளாகிவிட்டன.

இந்த உரை அந்தக் கடலுக்கு அக்கரையைப் பற்றியது. இலங்கையின் வடமாகாணத்தில் ஐந்து மாவட்டங்கள்: யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா. இவற்றில் வவுனியாவுக்கு மட்டும்தான் கடல் இல்லை. மற்ற நான்கின் விளிம்பிலும் சிறு சிறு துறைகள், தீவுகள், மீனவர் குடியிருப்புகள். அங்கெல்லாம் போகிற தமிழ்நாட்டுக்காரர்களின் எண்ணிக்கை கூடிவருகிறது. போகிறார்கள், பார்க்கிறார்கள், அன்றே திரும்புகிறார்கள். தங்குகிறவர்கள் குறைவு. அந்தக் கரையோர ஊர்களுக்கு வேண்டியதோ தங்குகிறவர்கள்தான்.

கடந்துபோகிறவர்களை அந்தக் கரை வேண்டிய மட்டும் பார்த்துவிட்டது. நம் முன்னோர்களும் அதில் சேர்த்தி. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, மழை பொய்த்த ராமநாதபுரச் சீமையிலிருந்தும் மதுரை, திருச்சி, தஞ்சைப் பக்கங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பியவர்கள் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடை. தண்ணீர் கிடைக்காமல், வாந்திபேதியும் காய்ச்சலும் கண்டு வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பிறகுதான் அரசு அந்தப் பாதையில் கிணறு வெட்டியது, கொட்டகை போட்டது, மருந்துச்சாலை வைத்தது. முக்குளத்துச் சகோதரர்கள் சொந்தச் சீமையில் முதலில் செய்ததை, ஒரு பேரரசு அத்தனை பிணங்களுக்குப் பிறகு செய்தது. வடகரையைப் பற்றி நமக்கு மிஞ்சியிருக்கும் பழைய நினைவு அந்த நடையின் நினைவு. அதில் மன்னார் ஓர் ஊராகவே வராது. கடக்க வேண்டிய மணலாக மட்டும் வரும்.

1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. அந்த ஆண்டிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் ஒரே பயணச்சீட்டு வாங்கினால் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்புக் கோட்டை நிலையம்வரை போகலாம். போட் மெயில் என்று பெயர்பெற்ற அந்த வண்டி நமக்குப் பக்கத்து மானாமதுரை வழியாகத்தான் கடலுக்குப் போனது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் ஒன்று கடலோடு போனது. அதற்குப் பிறகும் ராமேசுவரத்திலிருந்து இராமானுஜம் என்ற கப்பல் தலைமன்னாருக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1980-களில் இலங்கையில் போர் மூண்டதும் அதுவும் நின்றது. அக்கரை ரயில்பாதையும் போரில் அழிந்தது. இந்திய நிறுவனமான இர்கான் அதைத் திரும்பப் போட்டபின், 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரை ரயில் மறுபடி போனது. கப்பல்தான் இன்னும் வரவில்லை. பழைய இறங்குதுறையின் இரும்புத் தூண்கள் மட்டும் துருப்பிடித்து நிற்கின்றன.

ஆனால் வேறொரு வழி திறந்திருக்கிறது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் கிளம்பியது. சில நாள்களில் வடகிழக்குப் பருவமழையால் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று மறுபடி தொடங்கியபோது வந்த கப்பலின் பெயர் ‘சிவகங்கை’. நூற்றைம்பது பேர் அளவில் ஏறலாம். நான்கு மணி நேரப் பயணம். விமானமும் உண்டு. யாழ்ப்பாணத்துப் பலாலி விமானநிலையம் 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமானது. சென்னையிலிருந்தும், 2025 மார்ச் முதல் திருச்சியிலிருந்தும் சிறு விமானங்கள் போகின்றன. ஆக, நரிக்குடிக்காரர் ஒருவர் மானாமதுரைக்கு வந்து ரயிலேறினால் யாழ்ப்பாணம் போவது இப்போது கைக்கெட்டிய காரியம். போய் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

காங்கேசன்துறையில் இறங்கியதும் பக்கத்தில் கீரிமலை. கடல் அலை அடிக்கும் கரையை ஒட்டியே நன்னீர்க் கேணி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலைத்து ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, பாறைக்குள்ளேயே ஓடி, இப்படிச் சில இடங்களில் ஊற்றாக வெளிவருகிறது. ஆடி அமாவாசைக்கு ராமேசுவரத்தில் எள்ளும் நீரும் இறைப்பதைப் போலவே அங்கே கீரிமலையில் கூட்டம் கூடும். பக்கத்தில் நகுலேசுவரம் கோயில். ஆனால் இந்த வட்டாரம் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. 1990-ல் இந்த வட்டாரமான வலிகாமம் வடக்கின் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களின் நிலம் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. போர் முடிந்தபின் துண்டு துண்டாக நிலம் திரும்பி வந்திருக்கிறது, முழுவதும் வரவில்லை. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவமே நடத்தும் விடுதி ஒன்று இருக்கிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே நீருக்குள் நிற்கும் கடற்கோட்டையில் கடற்படை நடத்தும் விடுதி இருக்கிறது. 1658-ல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டு, குடிதண்ணீர் இல்லாமல் போர்த்துக்கீசியர் சரணடைந்த கோட்டை அது. இவற்றில் அறைகள் சுத்தமாக இருக்கும், கடல் அழகாகத் தெரியும். ஆனாலும் ஓர் ஊருக்குப் போகிறவர் யாருடைய கூரையின் கீழே படுக்கிறார், அவர் கொடுக்கும் வாடகை யார் வீட்டு உலைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். சுற்றுலா நிறுவனங்களின் பட்டியலில் இந்தக் கேள்விக்கு இடமில்லை; போகிறவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தங்குவதற்கு யாழ்ப்பாணத்துச் சமூகம் சொந்தமாகவே ஏற்பாடுகள் வைத்திருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்காக வந்த வாடிவீடுகளுக்கு வெகுகாலம் முன்பே யாழ்ப்பாணத்து வீதிகளில் மடங்கள் இருந்தன. மடம், அதை ஒட்டிக் கேணி, தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல், மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல் என்று ஒரே இடத்தில் மனிதருக்கும் மாட்டுக்கும் இளைப்பாற வழி செய்திருந்தார்கள். பருத்தித்துறையில் உள்ள தெருமூடிமடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெயர் சொல்கிறபடி அது தெருவையே மூடிக் கட்டிய மடம். வீதி நடுவே போகிறது, இரண்டு பக்கமும் கல்தூண்களும் உயர்ந்த திண்ணைகளும், மேலே கூரை. வெயிலில் வருகிறவர் எதையும் தேடிப் போக வேண்டியதில்லை; நடந்தால் நிழலுக்குள்ளே நுழைந்துவிடுவார். சுமைதாங்கிக் கல்லும் திண்ணையும் நம் ஊர்ப்பக்கத்துக்கும் புதிதல்ல. ஆனால் வீதியே சத்திரத்துக்குள் புகுந்து போகிற கட்டடத்தை இந்தப் பக்கம் காண்பது அரிது.

பருத்தித்துறையில் ஓர் இரவு இருந்தால் காலையில் துறைமுகத்தில் மீன் ஏலம் பார்க்கலாம். 1916-ல் கட்டிய கலங்கரை விளக்கம் ஊருக்கு வெளியே நிற்கிறது. இலங்கை நிலத்தின் வடமுனையும் அங்கேதான். தட்டையாக, மொறுமொறுவென்று, வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும் பருத்தித்துறை வடையை வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. அடுத்த ஊர் வல்வெட்டித்துறை. தைப்பொங்கலன்று அங்கே கடற்கரையில் பட்டத் திருவிழா. ஆள் உயரத்துக்கும் மேலான பட்டங்கள் வானத்தில் ஏறும். அந்த ஊர்க்காரர்கள் பாய்க்கப்பல் கட்டிப் பர்மாவுக்கும் இந்தியக் கரைகளுக்கும் சரக்கு ஏற்றியவர்கள். அங்கே கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைப் பெருங்கடல் தாண்டி ஓட்டிப்போய், 1938-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிளாஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். ஐரோப்பியப் பெருங்கப்பல்கள் நீராவியில் ஓடிய காலத்தில் ஈழத்து ஓடாவிகள் கட்டிய மரக்கப்பல் அத்லாந்திக்கைக் கடந்தது. இப்படிப்பட்ட ஊரைக் கார்க் கண்ணாடி வழியாகப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுப் போவது அநியாயம்.

தீவுகளுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை வீதி போகிறது. அதற்குமேல் படகுதான். கால்மணி நேரத்தில் நயினாதீவு. ஒரு பக்கம் நாகபூசணி அம்மன் கோயில், இன்னொரு பக்கம் நாகவிகாரை. வடக்கிலிருந்து தமிழரும் தெற்கிலிருந்து சிங்களரும் ஒரே படகில் நெருக்கிக்கொண்டு போவார்கள். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று அங்கே பலரும் நம்புகிறார்கள். மணிமேகலை அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்ற இடம் மணிபல்லவம். நாகபூசணி அம்மன் கோயிலருகே இருக்கும் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். கடல் கடந்து வருகிறவர் பசித்திருக்கக் கூடாது என்ற எண்ணம் அந்தத் தீவில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனித் திருவிழாக் காலத்தில் போனவர்களுக்கு இது தெரியும்.

நெடுந்தீவு அப்படிக் கிட்டத்தில் இல்லை. குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரப் படகு. காற்று கடுமையானால் படகு கிடையாது. ஐம்பது சதுர கிலோமீட்டர் அளவு பரப்பு, சுமார் நான்காயிரம் மக்கள். தீவு முழுக்க முருகைக்கல் வேலிகள். கடலிலிருந்து வந்த கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கியே இடுப்புயரச் சுவராக்கியிருக்கிறார்கள். போர்த்துக்கீசியர் கொண்டுவந்து ஒல்லாந்தர் வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் புல்வெளியில் காட்டுக்குதிரைகளாக மேய்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்க மரம் ஒன்று ஆள் உள்ளே நுழையும் பொந்தோடு நிற்கிறது. ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, பழைய வெளிச்சக் கோபுரம் எல்லாம் உண்டு.

காலைப் படகில் வருகிறவர் இவற்றை மூன்று மணி நேரத்தில் ஓட்டோவில் சுற்றிவிட்டு, பிற்பகல் படகைப் பிடிக்க ஓடுகிறார். குதிரை, மரம், கோட்டை என்று எண்ணிக்கொண்டே வருகிறவருக்கு ஒரு மனிதரோடு பேச நேரமில்லை. கடைசிப் படகு போனபின்தான் நெடுந்தீவு தன் வேலைக்குத் திரும்புகிறது. வெயில் தணிந்ததும் மாடு, ஆடு திரும்பும். கரையில் வலை சீர்செய்வார்கள். பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் முருகைக்கல் ஒழுங்கைகளில் பறப்பார்கள். விருந்தாளி தங்குகிறார் என்றால் அன்றைய மீன் யாரிடமாவது கேட்டு வாங்கப்படும்; புட்டும் நண்டுக்குழம்பும் வரும். நேரமும் ஆளும் இருந்தால் ஒடியற்கூழ் காய்ச்சுவார்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவை ஊறவைத்துக் கசப்பு எடுத்து, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே பானையில் சேர்த்துக் கொதிக்கவிட்ட கூழ். பனையோலையில் கோலிய பிளாவில் ஊற்றிக் குடிப்பது. அதை ஓர் ஆளுக்காகக் காய்ச்ச மாட்டார்கள். அக்கம்பக்கம் எல்லாம் வந்து வட்டமாக உட்காருவார்கள். “வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ” என்று தொடங்கும் பேச்சு, அடுப்பு அணைந்தும் முடியாது.

அந்தப் பேச்சில் 1985 மே 15 வரும். அன்று குமுதினி என்ற பயணிகள் படகு நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுக்கடலில் அதை மறித்து, குழந்தைகள் உட்பட இருபதுக்கு மேற்பட்ட பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். கடற்படையினர் செய்த கொலை என்று தப்பியவர்கள் சொன்னார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் தீவு அவர்களை நினைக்கிறது. குமுதினி பிறகும் அதே கடலில் ஓடியது; மக்கள் அதில் ஏறினார்கள், ஏனென்றால் ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் போக வேறு வழியில்லை. நெடுந்தீவுக்காரர்களின் மனவுறுதியைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று போதும். காலையில் வந்து மாலையில் போகிறவரிடம் இதையெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லப்படும்; அது நமக்குக் கசக்கும். தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப்படகுகள் வடகடலின் அடித்தளத்தை வாரிக்கொண்டு போவதால், சிறு வலைகளை நம்பும் நெடுந்தீவு, வடமராட்சி, மன்னார் மீனவர்களின் வலைகள் அறுந்து, கடலும் வெறுமையாகிறது. இலங்கை 2017-ல் சட்டம் கொண்டுவந்து கடலடி இழுவை மடியைத் தன் கடலில் தடைசெய்தது. ராமேசுவரம் மீனவர் கைதாகும் செய்தி நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. அவர்கள் படும் துன்பம் உண்மையானது. நெடுந்தீவுக்காரரின் அறுந்த வலையும் அதேயளவு உண்மை. இரண்டு கரையிலும் தமிழ் பேசும் ஏழை மீனவர்தான் இருக்கிறார். நம் பக்கத்துக் கதையை மட்டும் கேட்டு வளர்ந்த ஒருவர், அந்தக் கரையில் ஒரு மீனவர் வீட்டில் சாப்பிட்டபடி அவருடைய கணக்கைக் கேட்பது கட்டாயம் நடக்க வேண்டிய காரியம். அறிக்கைகளும் பேச்சுவார்த்தைகளும் செய்யாததை அந்த ஒரு வேளைச் சோறு செய்யக்கூடும்.

இரு கரையும் சேர்ந்து ஓர் இரவு கழிக்கும் இடம் ஒன்று உண்டு. கச்சத்தீவு. ஆண்டுதோறும் மாசி, பங்குனி வாக்கில் புனித அந்தோனியார் திருவிழா. ராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகுகள் போகும். தீவில் குடியிருப்பு இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. எல்லாம் கொண்டுபோக வேண்டும். மாலையில் கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி, காலையில் திருப்பலி. நடுவில் ஓர் இரவு மணலில் படுக்கை. இந்தத் தீவை இலங்கைக்கு விட்ட 1974 ஒப்பந்தத்தைப் பற்றி மேடைகளில் முழங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்த மணலில் ஓர் இரவு படுத்திருப்பார்கள்?

தண்ணீரைப் பற்றிச் சொல்ல நரிக்குடியை விடப் பொருத்தமான அவை கிடையாது. கிருதுமால் நதியில் தண்ணீர் வருமா வராதா என்று அண்ணாந்து பார்த்தே வயது போனவர்கள் இங்கே இருக்கிறார்கள். உப்புக் கிணற்றையும் நல்ல கிணற்றையும் நாக்கு நுனியில் பிரித்தறிவார்கள். நெடுந்தீவிலும் அப்படியே. தீவின் சில கிணறுகளில் மட்டும்தான் குடிநீர். மழை பொய்த்தால் அவையும் உவர்க்கும். கடல்நீரைச் சுத்திகரித்து வழங்கும் ஏற்பாடு வந்தபிறகும் ஒவ்வொரு குடமும் கணக்கோடுதான். நகரத்து விருந்தாளி அரைமணி நேரம் குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்கும்போது வீட்டுக்காரர் மரியாதைக்குப் பேசாமல் இருப்பார். நம் வட்டாரத்திலிருந்து போகிறவருக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வாளித் தண்ணீரில் குளித்து மிச்சம் வைப்பவரை அந்தத் தீவு உடனே தன் ஆளாக்கிக்கொள்ளும்.

மன்னார் வேறு மாதிரி. தீவென்று பெயர், தாம்போதி வழியே பேருந்து போகும். போர்த்துக்கீசியர் 1560-ல் எழுப்பிய கோட்டை, பள்ளிமுனையில் ஒரு பிரம்மாண்டமான பெருக்க மரம், தெருவில் சுதந்திரமாகத் திரியும் கழுதைகள். வாடைக்காலத்தில் வங்காலைச் சதுப்பில் பூநாரைகள் இறங்கும்; 2010-ல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. திருக்கேதீசுவரம் அருகில், மடு மாதா கோயில் உள்ளே காட்டுக்குள். சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த கரை இது. 1990 அக்டோபரில் விடுதலைப்புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து போனவர்கள் பலர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஒரு தலைமுறையையே கழித்தார்கள். போர் முடிந்து திரும்பியவர்கள் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களில் வீட்டைப் புதிதாகக் கட்டியெழுப்பியிருக்கிறார்கள். மன்னாரில் தங்குகிறவர் ஒரு நாள் கோயில் பக்கமும் ஒரு நாள் பள்ளிவாசல் பக்கமும் சாப்பிட வேண்டும். ஒரு பக்கத்தின் துக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பக் கூடாத ஊர் அது.

முல்லைத்தீவைப் பற்றி நீட்டிப் பேச இது இடமல்ல. 2004-ல் ஆழிப்பேரலை, 2009 மே மாதத்தில் நந்திக்கடல் ஓரத்தில் போரின் முடிவு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். அங்கே போகிறவர் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு போகலாம்.

எட்டாத கரையோர ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பதற்கு வேறொரு வடக்கைப் பார்க்கலாம். நார்வேயில் 1893-ல் ரிச்சர்ட் வித் என்ற மாலுமி ஹுர்டிகுருட்டன் என்ற கடலோரக் கப்பல் சேவையைத் தொடங்கினார். இன்றும் பெர்கன் நகரிலிருந்து ரஷ்ய எல்லையருகே உள்ள கிர்க்கனஸ் வரை 34 துறைகளில் கப்பல்கள் நின்று நின்று போகின்றன, பனிக்காலத்திலும் தவறாமல். கப்பல் வரும் நேரம் தெரிந்தால்தான் ஆசிரியர் அந்த ஊருக்கு வேலைக்கு வருவார், கடை திறக்கும், விருந்தாளி வருவார். அங்குள்ள லோஃபோட்டன் தீவுகளில் மீன்பருவத்துக்கு வரும் மீனவர் தங்கத் தண்ணீரோரம் மரக்குடில்கள் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் ஓய்ஸ்டைன் மன்னர் கட்டச் செய்ததிலிருந்து அந்த வழக்கம் தொடர்கிறது. இன்று அவற்றில் பல விருந்தாளிகளுக்கு வாடகைக்குப் போகின்றன. நம் கரையில் மீனவர் பருவத்துக்குப் போடும் வாடிகளும் அதே தேவைக்குத்தான்.

அந்த நார்வேயின் வடகோடியில் தமிழர்களே வந்து தங்கிய கதையும் உண்டு. 1956-ல் யாழ்ப்பாணத்து அந்தோனி ராஜேந்திரம் நார்வே போய்ச் சேர்ந்தார். அவருடைய முயற்சியால் நார்வே உதவியோடு சீநோர் நிறுவனம் உருவாகி, காரைநகரில் படகு கட்டியது. அவர் காட்டிய வழியில் மாணவர்களாகவும், போர் மூண்டபின் அகதிகளாகவும் இளைஞர்கள் போனார்கள். ஃபின்மார்க் மாவட்டத்து போட்ஸ்ஃபியூர், வார்டோ போன்ற மீன்பிடி ஊர்களின் ஆலைகளில் கோட் மீன் வெட்டும் வேலை கிடைத்தது. பனிக்காலத்தில் சுமார் இரண்டு மாதம் சூரியனே எழாத ஊர்கள். பருத்தித்துறை வெயிலில் வளர்ந்தவர்கள் அந்த இருட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள், பொங்கல் வைத்தார்கள். பிறகு பலர் ஒஸ்லோவுக்கு நகர்ந்துவிட்டார்கள். வேலை இருந்தும் நகர்ந்தார்கள். உறவும் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் தலைநகரில் இருந்தன. நெடுந்தீவை விட்டு இளைஞர்கள் போவதற்கும் இதே மாதிரிக் காரணங்கள்தான். தங்கிய விருந்தாளியின் காசால் ஒரு தீவு பிழைத்துவிடாது. படகும் மருத்துவரும் மின்சாரமும் வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்று, சூரிய மின்சாரத்துக்கு இந்தியா நிதியுதவி செய்ய 2022 மார்ச்சில் ஒப்பந்தமானது. அப்படிப்பட்ட வேலைகள் நடந்தால் தங்க வருகிறவருக்கும் தங்கவைக்கிறவருக்கும் வசதி.

போக விரும்புகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றும் மழையும். கப்பல் நிற்கும், தீவுப் படகும் நிற்கும். தை பிறந்தபின் ஆவணி வரை நல்ல காலம். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பலக்கும் நாள்களில் மட்டும் கடல் கொந்தளிக்கும். காங்கேசன்துறையில் இறங்கும் நாளிலேயே நெடுந்தீவு போக முயல வேண்டாம். முதல் இரவு பருத்தித்துறையிலோ யாழ்ப்பாணத்திலோ. தீவில் ஒரு வீட்டில் தங்குவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் அவர்கள் மீனுக்கும் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்ய முடியும். இலங்கை ரூபாயைக் கையில் நோட்டாக வைத்துக்கொள்ள வேண்டும். விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுவது நல்லது. திரும்பும் படகுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி விட்டுக்கொண்டால், காற்று மாறிப் படகு நின்றாலும் பதறாமல் இன்னோர் இரவு அதே வீட்டில் இருந்துகொள்ளலாம்.